நட்சத்திரத்தின் நடுவே ஒரு ஓட்டை

ஆர்லின் ஸ்டாக்லாண்ட் தன் வாழ்நாளில் இரண்டே விஷயங்களில் கர்வப்பட்டவர். ஒன்று, கிளியர்ஃபோர்டு தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்து ஒரு லாரிக்குக்கூட எடையைத் தப்பாகச் சொன்னதில்லை. இன்னொன்று, அவர் கையால் வாய் மூடிய தோட்டா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "கேட்டேன், முடியாதுன்னுட்டா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். யாரைக் கேட்டார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டைத் தூக்கி எறியாமல் வீட்டிலேயே மறுபடி அடைத்துக்கொள்வது எங்கள் டகோட்டாப் பக்கத்தில் பனிக்காலத்து வேலை. வெளியே மூக்கை நீட்ட முடியாத குளிரில் மனிதன் வேறு என்னதான் செய்வான்? கூட்டின் அடியில் பொறி தருகிற புதுக் கேப்பு, அதன் மேல் வெடிமருந்து, அதற்கு மேல் ஒரு அடைப்பு, அப்புறம் ஈயக் குண்டு, கடைசியில் வாய். மற்றதெல்லாம் அளந்து ஊற்றினால் முடிந்தது, வாயில்தான் ஆள் யாரென்று தெரியும் என்பது ஆர்லினின் கட்சி. அவர் போடுவது நட்சத்திர வாய். பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பை எட்டு மடிப்பாக உள்ளே மடக்கி அமுக்கினால் எட்டு மடிப்பும் நடுவில் வந்து கூடும். அந்த மடிப்பு அச்சுக்காக மட்டும் ஆறு விதம் வாங்கிப் பார்த்து ஐந்தை மூலையில் போட்டவர் அவர். அவர் தோட்டாவையும் கடைத் தோட்டாவையும் பக்கத்தில் வைத்தால் எது எதென்று கடைக்காரனே திணறுவான்.

அதில் குறை சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தைரியம் இருந்தது. அது வெண்டல் ப்ரூஹா. கிராமத்துச் சாலைகளில் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆர்லினைவிட இரண்டு வயது இளையவர், அவருக்கும் கல்யாணமில்லை. புருஷனை இழந்து தனியாக இருந்த அக்கா யூனிஸின் வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, சரியாக இரண்டு மணிக்கு ஆர்லின் வீட்டு நிலவறைப் படியில் வெண்டலின் பூட்ஸ் சத்தம் கேட்கும். முப்பத்தோரு வருஷம் கேட்டது. ஆர்லின் அடைப்பார், வெண்டல் பேசுவார். வேலை என்று பார்த்தால் கூடுகளைத் துடைத்து எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வெண்டலுடையது, அதிலும் பாதி நேரம் மறந்துவிடுவார்.

"ஏய் ஆர்லின், இந்த ஓட்டையப் பாரு" என்று மூடிய தோட்டாவைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார். எட்டு மடிப்பும் கூடுகிற இடத்தில் துளியூண்டு இடைவெளி எப்போதும் இருக்கும், அதைச் சொல்கிறார்.

"குண்டூசி நுழையாத ஓட்டைடா அது. அதுக்குள்ள என்னத்தத் தேடுற?"

"வாயை மூடுறதுன்னா மூடணும். பாதி மூடுறதுக்குப் பேரு என்ன?"

"முதல்ல நீ உன் வாயை மூடு. இத்தனை வருஷத்துல அந்த ஓட்டை வழியா ஒரு குண்டு விழுந்திருக்கா?"

"விழல."

"அப்புறம்?"

"ஒருநாள் விழும் பாரு" என்பார் வெண்டல், ஏதோ வானிலை அறிக்கை படிக்கிறவர் மாதிரி.

வெண்டலுக்குப் பிடித்தது சுருட்டு வாய். பழைய காலத்து முறை அது. குண்டின் மேல் வட்டமாக ஒரு அட்டையை வைத்து, விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டி அந்த அட்டையை இறுக்கிப் பிடிக்க வைப்பது. ஓட்டையே இருக்காது. நாலு வருஷம் முன்னால் ஏதோ ஒரு பண்ணை ஏலத்தில் பித்தளையும் இரும்புமாக, கைப்பிடியைச் சுற்றுகிற ஒரு பழைய சுருட்டியை வெண்டல் வாங்கி வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஆர்லினின் பெஞ்சில் மாட்டி முடுக்கிவிட்டார். ஆர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கழட்டு அதை. ஒண்ணு முடிக்க ஒரு மணி நேரம் ஆகுற கிழட்டுச் சாமானுக்கு என் பெஞ்சில இடம் கிடையாது."

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே, உன்னை என்ன கடிக்கவா போவுது?"

"என் பெஞ்சுல வேணாம்னா வேணாம்."

வெண்டல் அதைக் கழற்றி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு வழக்கம்போல வந்தார். சுருட்டியைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. அப்படி வாய் திறக்காமல் இருந்தது வெண்டல் குணமே இல்லை, அது அன்றைக்கே ஆர்லினுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பிடிவாதக்காரன் உறுத்தலை வெளியே காட்டுவானா?

இந்த வருஷம் ஜூலையில் வெண்டல் போய்விட்டார். இதயம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, நர்ஸுகளைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றியிறைச்சி வைத்த பன்னும் காப்பியும் கொடுத்தார்கள். ஆர்லின் ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கடிக்காமலே நின்றார். ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டி, "எப்பவாவது வீட்டுப் பக்கம் வா ஆர்லின்" என்றார்கள். யார் வீட்டுக்கும் அவர் போகவில்லை, அவர் வீட்டுக்கும் யாரும் வரவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் அவரை வதைத்தன. இரண்டு மணி ஆனதும் நிலவறைக்கு இறங்கி விளக்கைப் போடுவார். பெஞ்சுக்கு முன்னால் இரண்டு முக்காலி. வெண்டலின் முக்காலி பாதி வழியை மறித்துக்கொண்டுதான் எப்போதும் இருக்கும். அதை நகர்த்த மனசு வராமல் ஒருக்களித்து நடந்து தன் இடத்தில் போய் உட்காருவார். ஒரு கூட்டை எடுத்துத் துடைப்பார், வைப்பார். நாலு மணிக்கு மேலே வந்து ரேடியோவில் சோளத்தின் விலையைக் கேட்பார். விற்க அவரிடம் ஒரு படி சோளம் கிடையாது. மனிதக் குரல் வேண்டும், அவ்வளவுதான். அழுதாரா என்று கேட்டால், அழுதார். பாத்திரம் கழுவும்போது அழுவார், அப்போதுதான் கை ஈரமாக இருப்பதால் கண்ணைத் துடைக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் யூனிஸ் வந்து கதவைத் தட்டினார். பள்ளியில் ஆர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவர். கையில் சிவப்பு நிறத்தில் ஒரு பேக்கிங் பவுடர் டப்பா.

"கேக் செய்யறியா என்ன?" என்றார் ஆர்லின், என்ன பேசுவதென்று தெரியாமல்.

"மணிக்கட்டு உடைஞ்சதுல இருந்து நான் எங்க கேக் செஞ்சேன்? பிஸ்கட்டே கடையிலதான் வாங்குறேன்." டப்பாவைச் சமையலறை மேசையில் வைத்தார். "இது வெண்டல்."

ஆர்லின் டப்பாவையே பார்த்தார்.

"சாம்பலைத் தோட்டாவுல போட்டுச் சுடணுமாம். ஃபெசன்ட் கோழி வேட்டை தொடங்குற அன்னிக்கு, உச்சி பன்னெண்டு மணிக்கு, நீங்க எப்பவும் போற அந்த சம்புப் புல் பள்ளத்துக்கிட்ட. நீதான் அடைக்கணுமாம், நீதான் சுடணுமாம். ஒரு பெட்டி, இருபத்தஞ்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே இதெல்லாம் பேசுறான், நர்சு பக்கத்துல நிக்கிறா."

வேட்டைக்காரர்கள் இப்படிக் கேட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஆனாலும் தன் கைக்கு வரும்போது வேறு மாதிரி இருக்கிறது. ஆர்லின் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எந்த வாய்னு சொன்னானா?"

யூனிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை நீ கேப்பேன்னும் சொன்னான். 'எந்த வாயா இருந்தாலும் சரி, இனிமே நான் சண்டைக்கு வரமாட்டேன்'னு சொல்லச் சொன்னான்."

வேட்டை தொடக்கம் அக்டோபரில் மூன்றாவது சனிக்கிழமை. ஆறு வாரம் இருந்தது. மற்றவர்களாக இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆர்லின் ஒரு மாதத்துக்கு மேல் டப்பாவைத் தொடவில்லை. நிலவறைக்குக் கொண்டுபோய் வெண்டலின் முக்காலி மேல் வைத்தார், அவ்வளவுதான். ஞாயிறு இரண்டு மணிக்குப் போய் எதிரே உட்கார்ந்தார். பேசக்கூடச் செய்தார். யாராவது கேட்டிருந்தால் கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்றிருப்பார்கள். அவர் கணக்கு எளிமையானது. இந்த டப்பா இருக்கிறவரை வெண்டல் இருக்கிறார். அடைத்துச் சுட்டுவிட்டால் முக்காலி காலி. அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் அவரைத் தேடி யூனிஸ் வருவதற்குக்கூட ஒரு காரணம் மிஞ்சாது.

ஆனால் இறந்தவன் கேட்டுவிட்டுப் போயிருக்கிறானே, செய்யாமல் முடியுமா? வேட்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார். இருக்கிறதிலேயே நல்ல கூடுகளாக இருபத்தைந்து பொறுக்கினார். மருந்து, அடைப்பு, கொஞ்சம் ஈயம், மிச்சமெல்லாம் வெண்டல். வாய் நட்சத்திர வாய்தான், அதில் அவருக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை. தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியானதைத்தானே நண்பனுக்குச் செய்ய வேண்டும்? ஒவ்வொன்றையும் மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எட்டு மடிப்பும் அளவெடுத்த மாதிரி. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவரே செய்ததில்லை.

"இப்ப சொல்லுடா குறை" என்றார் முக்காலியைப் பார்த்து.

மறுநாள் காலையில் பெட்டியைப் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு சம்புப் பள்ளத்தைப் பார்த்துவரப் போனார். நிலம் எவ்வளவு ஈரமாக இருக்கிறது, எங்கே நிற்கலாம் என்று பார்க்கத்தான். உண்மையைச் சொன்னால் வெண்டலை வண்டியில் உட்காரவைத்து ஒருதரம் ஓட்டிப்போக ஆசை. ஆறு மைல் சரளைக்கல் சாலை. அங்கே போய் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார். தோட்டாக்கள் சரிந்து தாறுமாறாகக் கிடந்தன. பெட்டி முழுக்கச் சாம்பல். அட்டையின் மூலை வழியாகச் சீட்டிலும் ஒரு கோடு இறங்கியிருந்தது. ஒரு தோட்டாவைக் கவிழ்த்து லேசாகத் தட்டினார். எட்டு மடிப்பின் நடுவிலிருந்து பொடிப்பொடியாக வெண்டல் அவர் உள்ளங்கையில் கொட்டினார்.

ஈயக் குண்டு விழாத ஓட்டைதான். சாம்பலை யார் நினைத்தது? வாழ்நாள் முழுக்கத் தோட்டா அடைத்த மனுஷனுக்கு, உள்ளே போடுவது மாறினால் வாயும் மாற வேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும், கைகாரனுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணைக் கர்வம் மறைத்துவிட்டது.

"விழும்னு சொன்னேல்லடா நீ" என்றார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அது அழுகையாகிவிட்டது. வண்டியில் கிடந்த கண்ணாடி துடைக்கிற பிரஷ்ஷால் சீட்டைக் கூட்டி, கிடைத்ததையெல்லாம் ஒரு கடுதாசியில் சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தையலுக்குள் போனது போனதுதான்.

சுருட்டு வாய்தான் வழி, அது உடனே தெரிந்துவிட்டது. சுருட்டி யூனிஸ் வீட்டில்தான் இருக்கும், அதுவும் தெரியும். ஆனால் அதை எப்படிப் போய்க் கேட்பது? "உன் தம்பியை வண்டிச் சீட்டில் கொட்டிவிட்டேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? நாற்பது மைல் தள்ளி, துப்பாக்கிச் சாமான் விற்கிற கிப்பின் கடைக்கு வண்டியை விட்டார்.

கிப் நாற்பது வயதுக்காரன். ஆர்லினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "வாங்க வாங்க. என்ன, புது மடிப்பு அச்சா? ஏழாவதா?"

"சுருட்டி வேணும்."

கிப் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தான். "என்ன சொன்னீங்க? நீங்களா? சுருட்டு வாயைப் பத்தி இந்தக் கடையில நின்னு நீங்க பேசுன பேச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

"இருக்கா இல்லையான்னு சொல்லு."

"எதுக்குன்னு சொன்னாத்தான் எதுன்னு சொல்ல முடியும். பொடிக் குண்டு ஒழுகுதுன்னா நட்சத்திரத்து ஓட்டையில ஒரு சொட்டு மெழுகு விட்டுடுங்க, முடிஞ்சு போச்சு."

"மெழுகா? என் தோட்டாவுக்கு ஒட்டுப் போடச் சொல்றியா?"

"சரி சரி, கோவப்படாதீங்க." கிப் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன எஃகுத் தலையை எடுத்து வைத்தான். உள்ளே இரண்டு சின்ன ஊசி முனை. "இது டிரில் மெஷின்ல மாட்டுறது. சுத்தவிட்டுக் கூட்டு மேல அமுக்குனா விளிம்பு சூடாகி உள்ள சுருளும். மெஷினை மெதுவா ஓட்டணும், வேகம் போனா உருகிடும். அதைவிடக் கையால சுத்துறதுதான் நல்லது. ஆனா அது இப்ப புதுசா எவன் செய்யறான்? பழசு யாராவது பெரியவர் செத்து ஏலம் போட்டாத்தான் வரும்."

ஆர்லின் எஃகுத் தலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா, அப்படி என்ன குண்டு போடுறீங்க? பன்னெண்டாம் நம்பர்ப் பொடிக் குண்டா?"

"அதைவிடப் பொடி."

"அதைவிடப் பொடின்னா மாவுதான் இருக்கு."

"வெண்டல்" என்றார் ஆர்லின்.

கிப் தலையிலிருந்த தொப்பியை எடுத்து மேசை மேல் வைத்தான். பிறகு, சுருட்டு வாய்க்கு மடிப்பு விழாத நேரான கூடு வேண்டும், ஒருதரம் நட்சத்திரமாக மடிந்த கூடு மறுபடி மடிப்புக்கேதான் போகும், அந்த நுனியை வெட்டிவிட்டால்தான் சுருளும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். வட்ட அட்டைகளைத் தானாகவே ஒரு பொட்டலத்தில் போட்டான்.

வீட்டில் ஆர்லினின் டிரில் மெஷினுக்கு மெதுவாக ஓடத் தெரியாது. அது ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். முதல் கூட்டின் விளிம்பு அடிப்பிடித்த பாலாகக் கருகியது. இரண்டாவது ஒருபக்கம் உருகி வழிந்தது. நிலவறை முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். மூன்றாவதை அவர் மாட்டவே இல்லை. நல்லவேளை, அதெல்லாம் காலிக் கூடுகள். வேட்டைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

யூனிஸ் கதவைத் திறந்ததும் ஆர்லின் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, வாசலிலேயே, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "யூனிஸ், நான் வெண்டலைக் கொட்டிட்டேன். வண்டிச் சீட்டுல."

"எவ்வளவு?" என்றார் யூனிஸ்.

"அள்ளுனது போக ஒரு ஸ்பூன் இருக்கும். தையலுக்குள்ள போயிடுச்சு."

"எந்தப் பக்கத்துச் சீட்டு?"

"அவன் உக்கார்ற பக்கம்."

யூனிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "உள்ள வாய்யா. என்னவோ கொலை பண்ணிட்டு வந்தவன் மாதிரி நிக்கிற. நட்சத்திரம் போட்டியா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

சுருட்டியை எடுத்துவரச் சாமான் அறைக்குப் போனார். ஆர்லினும் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றார். சுருட்டி ஒரு சமையல் துணியில் எண்ணெய் போட்டுச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மேல்தட்டில் சிவப்புப் பேக்கிங் பவுடர் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஊருக்கே கேக் செய்யலாம் போலிருக்கிறதே என்று ஆர்லினுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அப்புறம் சுருட்டியைக் கையில் வாங்கியதும் அந்த நினைப்பு போய்விட்டது.

"எண்ணெய் போட்டு வச்சிருக்கானே" என்றார்.

"மாசாமாசம் போடுவான். என்னிக்காவது நீ கேப்பேன்னு."

அன்றைக்கே சுருட்டியைத் தன் பெஞ்சில் மாட்டி முடுக்கினார். நாலு வருஷம் முன்னால் வெண்டல் மாட்டிய அதே ஓரத்தில். தோட்டாக்களைப் பிரித்து, உள்ளே இருந்ததையும் கடுதாசியில் மடித்ததையும் டப்பாவில் திரும்பக் கொட்டிக்கொண்டு, கூடுகளின் மடிப்பு நுனிகளைச் சவரக் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டினார். முப்பது வருஷக் கர்வம் வெங்காயச் சருகு மாதிரி பெஞ்சடியில் உதிர்ந்தது. அட்டையை வைத்து, கூட்டை ஒரு கையால் பிடித்து, மறு கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அமுக்குவது ஒரு கை, பிடிப்பது ஒரு கை, சுற்றுவது ஒரு கை என்று மூன்று கை கேட்கிற வேலை அது. இரண்டு பேர் செய்தால் சுளுவாக இருந்திருக்கும். அதனால்தான் வெண்டல் அதை இங்கே கொண்டுவந்து மாட்டினார் என்று அப்போதுதான் ஆர்லினுக்குப் புரிந்தது. வெறுமனே கூடு துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் தானும் ஒரு கை போட நினைத்திருக்கிறார். அதைத்தான் வேண்டாமென்று விரட்டினோம். கைப்பிடியை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இருபத்தைந்தும் முடிய மூன்று நாள் ஆனது. கவிழ்த்துத் தட்டினார், பெட்டியோடு குலுக்கினார். ஒரு பொட்டு விழவில்லை. கடைசித் தோட்டாவை மூடிய பின் டப்பா காலி. அதை எடுத்து முக்காலி மேல் திரும்ப வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கே யூனிஸும் அவரும் சம்புப் பள்ளத்து ஓரத்தில் போய் நின்றுவிட்டார்கள். வெயில் இருந்தது, காற்று கடித்தது. தூரத்து வயல்களிலெல்லாம் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பிகள், எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பன்னிரண்டு அடித்ததும் நாலாபக்கமும் வெடி கேட்டது. ஆர்லின் துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

முதல் வெடிக்கே சம்புக்குள்ளிருந்து ஒரு ஃபெசன்ட் சேவல் கத்திக்கொண்டு எழுந்து நேராக அவர்கள் தலைக்கு மேல் போனது. சாம்பல் அதற்குக் கீழே மெல்லிசாக விரிந்து, காற்றில் சாய்ந்து, பள்ளத்துப் பக்கம் போனது.

"தவற விட்டுட்டான்" என்றார் யூனிஸ்.

"எப்பவும் தவறத்தானே விடுவான்" என்றார் ஆர்லின்.

இருபத்தைந்தையும் சுட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நேரம் எடுத்துக்கொண்டார். கடைசித் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாயைக் கட்டைவிரலால் தடவினார். யூனிஸ் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் அதையும் சுட்டார். சத்தம் அடங்கியது. சாம்பல் சம்புப் புல்லுக்கு மேலே கரைந்து போனது. தோளில் வலி, காதில் ரீங்காரம். இனி போய் ரேடியோவில் சோள விலையைக் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தார். கோட்டுப் பையிலிருந்து காலி டப்பாவை எடுத்து யூனிஸிடம் நீட்டினார்.

"இந்தா. துடைச்சு வச்சிருக்கேன்."

யூனிஸ் வாங்கவில்லை. "நீயே வச்சுக்க. என் வீட்டுல இன்னும் பதினாலு இருக்கு."

"பேக்கிங் பவுடரா?"

"மடையா. வெண்டல்."

ஆர்லின் டப்பாவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஒரே தடவையா குடுத்துடாதேன்னு சொன்னான்" என்றார் யூனிஸ். குரல் கம்மியது, ஆனாலும் சொல்லி முடித்தார். "'மொத்தத்தையும் குடுத்தா அந்த ஆளு ஒரு வாரத்துல அடைச்சு முடிச்சுட்டு மறுபடி தனியா உக்காந்திருப்பான். வருஷத்துக்கு ஒண்ணு, வேட்டை தொடங்குற அன்னிக்கு'ன்னான். மொதத் தடவை சுட்டு முடிக்கிற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

"பதினாலு வருஷமா? எனக்கு இப்பவே அறுபத்தெட்டு யூனிஸ்."

"அதையும் சொன்னேன். 'அவன் பாதியில செத்தா நான் டப்பாவுலயே கெடக்கணும், அதை நல்லா ஞாபகம் வச்சுக்கச் சொல்லு'ன்னான்."

ஆர்லின் திரும்பிக்கொண்டார். பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார். தோள் குலுங்கியது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் இல்லை, மறைக்க ஒன்றுமில்லை, மறைக்கவும் இல்லை. யூனிஸ் கீழே குனிந்து காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் மேலங்கியில் போட்டுக்கொண்டார்.

"இதையெல்லாம் வெட்டி வச்சதுதானே" என்றார். "மறுபடி ஆகுமா?"

"ஆகும். ஆனா ஒரு ஆளு பிடிச்சுக்கணும். ஒத்தையா செஞ்சா மூணு கை வேணும்."

"எனக்கு மணிக்கட்டு சரியில்ல. சும்மா பிடிச்சுக்கறதுன்னா பிடிச்சுக்கறேன்." பொறுக்கி முடித்து நிமிர்ந்தார். "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கா?"

"ரெண்டு மணிக்கு."

வண்டியில் ஏறும்போது யூனிஸ் அந்தப் பக்கத்துச் சீட்டை ஒருதரம் பார்த்துவிட்டு, மெதுவாக ஒதுங்கி உட்கார்ந்தார். "அந்தச் சுருட்டியைக் கழட்டி எங்க வச்சிருக்க? வர்றப்போ நான் எண்ணெய் எடுத்துட்டு வரேன்."

"அதைக் கழட்டல" என்றார் ஆர்லின், சாவியைத் திருகியபடி. "பெஞ்சுலதான் இருக்கு."